எல்லோரும் சேர்ந்து முடித்த கட்டுரை

வாசகர்களே பத்திரிகைக்குச் செய்தி சேகரித்துத் தருவது பற்றி எங்கள் சேலம் மாத இதழில் ஒரு கட்டுரை. எழுத முன்வந்த தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பது என் வேலை. ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து, அடுத்தவர் பகுதியில் கைவைக்கக் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டேன். அச்சுக்குப் போகும் நாள் வந்தும் ஒரு பகுதிகூட முழுதாக வரவில்லை.

அவர்களில் ஒருவரான, இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த சுமதி போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, ஊரே சேர்ந்து செய்யறதப் பத்தின கட்டுரைய ஆளாளுக்குத் தனியா எழுதச் சொல்றீங்களே! வந்த வரைக்கும் குழுவுல போட்டு உடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ராசிபுரத்துக்காரர் பாதியில் விட்டதை நாமக்கல்காரர் முடித்தார். கெங்கவல்லியிலிருந்து படம் வந்தது. சாயங்காலமே கட்டுரை அச்சகம் போய்ச் சேர்ந்துவிட்டது!

இதழ் வந்ததும், கட்டுரைக்குக் கீழே இருந்த பெயர்க் கூட்டத்தில் என் பெயரைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். தனியாக அச்சான நாளில்கூட அது அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.