விபத்து அறிக்கையின் மேல் ஓர் உபயம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குக் காவல் நிலையத்துக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது, சாமந்தி மாலை போட்ட ஒரு கம்ப்யூட்டர். திரையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மேசையின் நான்கு கால்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் இருந்தது. புது வண்டிக்குச் செய்வதை மேசைக்கும் செய்திருந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம் என்பதால், பத்து மணிக்குள் பட்டனை அமுக்கி முதல் தாளை எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு நான் காரைக்குடி வட்டார நிருபர். சாலை விபத்து அறிக்கைகளை இனிமேல் கம்ப்யூட்டரில் அடித்துத் தர வேண்டும் என்று காவல் நிலையத்துக்கு மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. கம்ப்யூட்டரை எந்தப் பணத்தில் வாங்குவது என்பது உத்தரவில் இல்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களைப் பார்த்தவர். நாளுக்கொருவர் செலவை ஏற்கும் மண்டகப்படியைப் பிரிப்பதுபோலப் பிரித்துவிட்டார். மேசை, நாற்காலி ஒரு ரைஸ்மில்காரருக்கு, பிரிண்டர் ஒரு நகைக்கடைக்காரருக்கு, கம்ப்யூட்டர் ஒரு பஸ் முதலாளிக்கு. அந்த முதலாளிக்குத் தேவகோட்டைக்கும் மதுரைக்குமாகப் பல பஸ்கள் ஓடின.

உபயம் கொடுத்தால் பேர் எழுத வேண்டும். இது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வருகிற இடம் போக மிச்சத்தில் பேர் எழுதுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் மிச்சம் எதுவும் விடுவதில்லை. அன்றும் மேசையின் முகப்பில் பச்சை எனாமலில் ரைஸ்மில்காரரின் பேர் காய்ந்துகொண்டிருந்தது. பெயின்டர் அடுத்ததாகக் கம்ப்யூட்டரிடம் வந்து, திரைக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுச் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார்.

"யோவ், அதுல எழுதுனா உள்ள வர்ற எழுத்து எப்படிய்யா தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கீழ ஓரமா எழுதிர்றேன் அய்யா. வெளிச்சத்த மறைக்காது."

பக்கவாட்டில் எழுதலாம் என்றால் அந்தப் பக்கம் சுவர். பின்புறத்தைப் பல்லியைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. பஸ் முதலாளி எழுந்து வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். மேசைக்காரருக்குப் பேர் கிடைத்துவிட்டது, தனக்கு இடமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது, அறிக்கைப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த பயிற்சி மைய ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார்.

"பொட்டில எழுதுனா ஸ்டேஷனுக்கு வர்றவுகதான் பாப்பாக. அடிக்கிற ஒவ்வொரு தாளுலயும் மேல வர்ற மாதிரி வச்சுட்டா, ஜில்லாப் பூரா போகும்ல?"

முதலாளி வேட்டி நுனியை விட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தமிழ் எழுத்து அந்தப் பெட்டியில் வராது என்பதால், ஆங்கில எழுத்தில் 'உபயம்' என்று அடித்துப் பக்கத்தில் பஸ் கம்பெனியின் பேரைச் சேர்த்தார்கள். அதே வரியில் காவல் நிலையத்தின் பேரும் இருந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டன் அமுக்கப்பட்டது. கேசரி கொடுத்தார்கள். நான் 'முன்மாதிரிக் காவல் நிலையம்' என்று தலைப்பிட்டு, மூன்று உபயக்காரர்களின் பேரையும் விடாமல் செய்தி எழுதினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அரியக்குடியிலிருந்து டி.வி.எஸ். ஃபிப்டியில் காய்கறி மூட்டை கட்டிக்கொண்டு காரைக்குடி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் மீது, அந்த முதலாளியின் பஸ் மோதியது. மதுரை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நஷ்டஈட்டு வழக்குப் போட விபத்து அறிக்கை வேண்டும் என்று அவர் மனைவி காவல் நிலையத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பத்தாவது வரை படித்தவர்.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்த ஏட்டு, பிரிண்டரைக் கரகரவென்று ஓட்டித் தாளைக் கிழித்துக் கொடுத்தார். அந்தம்மா நின்றபடியே விரல் வைத்து வாசித்தார். முதல் வரியில் ஒரு பேர். ஏழாவது வரியில், மோதிய வாகனத்தின் உரிமையாளர் என்ற இடத்தில், அதே பேர்.

"ஏட்டய்யா, மோதுனது அவுக பஸ்ஸு. மோதுச்சுன்னு சொல்ற தாளும் அவுக உபயமா?"

"அது கம்ப்யூட்டருக்கு உபயம் தாயி. ஒங்க கேஸுக்கு இல்ல."

"இத வக்கீலுக்கு நீங்க வந்து சொல்லுவீகளா?"

நான்கு நாளில் மனு திரும்பி வந்தது. எதிராளியின் பேர் தலையில் இருக்கிற தாளை எப்படிப் போலீஸ் தாள் என்று எடுத்துக்கொள்வது என்று கோர்ட் குமாஸ்தா கேட்டாராம். ஏட்டு கத்தரிக்கோலை எடுத்து மேல் வரியை வெட்டிக் கொடுத்தார். அதுவும் திரும்பியது. உபயத்தோடு காவல் நிலையத்தின் பேரும் போய்விட்டதால், இப்போது அது யாருடைய தாளும் இல்லை.

படிவத்தை மாற்றத் தெரிந்த ஆசிரியர் அதற்குள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் இன்ஸ்பெக்டர் விட்டிருக்க மாட்டார்.

"குடுத்த மனுசன் பேர அழிக்கிறதா? நாளைக்கு ஒருத்தன் ஒரு பல்பு வாங்கித் தருவானாய்யா?" என்றார். கரண்டு போனால் கம்ப்யூட்டர் அணையாமலிருக்க பாட்டரி வேண்டியிருந்தது. அதையும் பஸ் முதலாளியிடம்தான் கேட்டிருந்தார்; இன்னும் வந்து சேரவில்லை.

ஏட்டு என்னை வாசல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க பேப்பர்ல நாலு வரி போட்டீகன்னா தன்னால சரியாகிரும்ணே" என்றார்.

யோசிக்கிறேன் என்றேன். நான் தினமும் எழுதும் செய்திகளைக் கவரில் போட்டு, மாலை ஐந்தே கால் பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்து மதுரைக்கு அனுப்புவது வழக்கம். மாட்டுத்தாவணி பஸ் நிலையமெல்லாம் வராத காலம். அங்கே பழைய பஸ் நிலையத்தில் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அந்த பஸ்ஸும் அதே முதலாளியுடையதுதான். கவருக்கு அவர்கள் காசு வாங்கியதில்லை. நாலு வரியை எழுதினாலும் அது அவர் பஸ்ஸில்தான் மதுரை போக வேண்டும். நான் எழுதவில்லை.

அந்தம்மா ஐந்தாவது முறையாக வந்த அன்று இன்ஸ்பெக்டர் சிவகங்கையில் மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். நான் அன்றைய வழக்குகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"வழக்குப் போட இன்னும் எத்தன நாளு இருக்கு தாயி?" என்று கேட்டார் ஏட்டு.

"எட்டு நாளுங்கறாரு வக்கீலு. எங்க வீட்டுக்காரரு கட்டில்ல கெடந்துக்கிட்டு, தாளு வந்துச்சா தாளு வந்துச்சான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

ஏட்டு சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை எழுந்து போய் வாசித்தார். எல்லா அறிக்கையும் கம்ப்யூட்டரில்தான் தர வேண்டும். மின்தடை நேரத்தில் மட்டும் கையால் எழுதித் தரலாம். இரண்டு முறை வாசித்தார். பிறகு மெயின் போர்டுக்குப் போய் பீஸ் கட்டையை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மின்விசிறி மெதுவாக நின்றது. நிலைய டைரியில் மணி போட்டு 'மின்தடை' என்று எழுதினார்.

உள்ளறையிலிருந்து ஒரு போலீஸ்காரர் சட்டையை உதறிக்கொண்டு வந்தார். "எதிர்த்த டீக்கடையில ரேடியோ பாடுதே ஏட்டய்யா. நமக்கு மட்டுமா கரண்டு போச்சு?"

"அவன் பில்லு கட்டிருப்பான். நீ போயி விசிறி எடுத்துட்டு வா."

பீரோவிலிருந்து பழைய படிவக் கட்டை எடுத்தார். நடுவில் இரண்டு கார்பன் வைத்து, முக்கால் மணி நேரம் வேர்க்க வேர்க்க எழுதினார். பஸ் வந்த வேகம், டி.வி.எஸ். போன ஓரம், ரோட்டில் சிதறிக் கிடந்த கத்திரிக்காய் எல்லாம் அதில் இருந்தன. கம்ப்யூட்டர் தாளில் இவற்றுக்கு இடம் கிடையாது. சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தம்மா முதல் வரியை விரல் வைத்து வாசித்தார். பிறகு ஏழாவது வரியை வாசித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன் ஏட்டய்யா" என்றார்.

அவர் போன பிறகும் ஏட்டு அரை மணி நேரம் பீஸ் கட்டையைத் திரும்பப் போடவில்லை. மின்தடை முக்கால் மணியில் முடிந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. அதைக் கொண்டு அரியக்குடியில் ஒரு காய்கறிக் கடை போட்டார்கள். கணவர் உட்கார்ந்து எடை போட, சரக்கெடுக்க அந்தம்மா மார்க்கெட்டுக்குப் போய் வந்தார்.