மூன்று முறை எரிய வேண்டிய எஞ்சின்

தொண்ணூறுகளில், நான் ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், வெளிநாட்டு ராக்கெட் ஒன்று எங்கள் செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தச் செயற்கைக்கோளின் எஞ்சினை மலையடிவாரத்துச் சோதனைக்கூடத்தில் எரித்துப் பார்த்தவன் நான். முதல் சோதனையில் ஒரு வால்வு கசிந்தது. கழற்றி, கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்றி, மறுபடி சோதித்து, ‘சரி’ என்று போட்டதுதான் பணியில் என் கடைசிக் கையெழுத்து.

மறுநாள் காலை பாளையங்கோட்டையில் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்தில் நின்றேன். பூத்காரர் என் வயதுக்காரர்.

“நேத்தே மேல போயிட்டுன்னு டிவில சொன்னாம்லா. பொறவு எதுக்கு வே போனைப் பிடிச்சுத் தொங்குதீரு?”

விளக்கினேன். படம் எடுக்கும் செயற்கைக்கோளைத் துருவங்களின் மேலாகச் செல்லும் தாழ்ந்த பாதையில் ராக்கெட்டே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். டிவிக்கும் டெலிபோனுக்குமான எங்களுடையது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ராக்கெட் அதை முட்டை வடிவப் பாதையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாதையின் உச்சியை எட்டும்போதெல்லாம் சொந்த எஞ்சினை எரித்து, மூன்று தவணையில் அது பாதையை வட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

“அப்ப பஸ்காரன் வண்ணாரப்பேட்டை பைபாஸ்ல தள்ளிவிட்டுட்டுப் போயிட்டான்ங்கீரு. வீட்டுக்கு நடராஜா சர்வீஸா?”

“ஆமா.”

“காலு ஓடலன்னா?”

“அங்கனயே கெடந்து சுத்த வேண்டியதுதான்.”

கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த என் பழைய உதவியாளர் போனை எடுத்தார்.

“முதல் எரிப்பு முடிஞ்சுதா லே? வால்வு தொறந்துதா?”

“ஐயா... எரிப்பெல்லாம் முடியுத வரைக்கும் வெளியாட்களுக்கு எதுவும் சொல்லக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்குல்லா.”

“எவன் போட்டது?”

“நீங்கதான் ஐயா. நாலாவது பத்தி.”

வெளியாட்களில் ஓய்வு பெற்றவர்களும் அடக்கம் என்று, யாரும் கேட்காமலே, அந்தப் பத்தியில் சேர்த்தவன் நான். குரலை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, ஒரே குரலில் பேச அவரைப் பழக்கியதும் நான்தான்.

“என்ன சொல்லுதான்?” என்றார் பூத்காரர்.

“சாப்ட்டாச்சான்னு கேக்கான்.”

எரிப்பின் ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு படியிலும் எனக்கு இப்போது வேலை இல்லை. முதல் எரிப்பு தவறியிருந்தால், மறுபடி உச்சிக்கு வரப் பத்தரை மணி நேரம். பூத் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

சில நாள் கழித்து, செயற்கைக்கோள் தன் இடத்தை அடைந்துவிட்டதாகப் பேப்பரில் மூன்று வரி வந்தது. பூத்காரர்தான் முதலில் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்.