மெரியோனி மறுத்த ஊசி

எண்டோஸ்கோபி அறையில் பதினேழு வருடம். மெரியோனியைப் பார்த்துச் சிரித்த நோயாளி ஒருவரும் இல்லை. மயக்க ஊசி போடுவது அவள் வேலை, அதற்குமுன் கேள்வி கேட்பது அவள் வியாதி என்று வனுவா லெவு தீவு முழுக்கப் பேச்சு.

அன்று வந்தவன் அபிசாய், அவளுடைய அத்தை மகன். வயிற்றில் ரத்தக் கசிவு. வெளிநாட்டு டாக்டர் கவுலி வருடத்துக்கு ஒரு வாரம்தான் வருவார். அன்று கடைசி நாள். இதய நோய் இல்லை, மூச்சிரைப்பு இல்லை என்று படிவத்தில் எழுதியிருந்தான்.

அத்தை மகனை எப்படி வேண்டுமானாலும் ஏசலாம். டாக்டருக்கு அந்த உரிமை கிடையாது.

"என்ன மச்சான், காலு பூசணிக்காயாட்டம் இருக்கு? ஊர்ப் பன்னியெல்லாம் நீயே தின்னியா?"

"நடந்து வந்தேன், வீங்கிடுச்சு. ஊசியப் போடுடி."

"எப்படிப் படுத்துத் தூங்கற?"

"உன்னக் கூப்பிட மாட்டேன், பயப்படாத."

வாசலில் நின்ற அவன் மனைவி சொன்னாள். "தூண்ல சாஞ்சு உக்காந்துதான். மூணு மாசமா. யங்கோனா வேர்ச்சாறு குடிச்ச மயக்கத்துல அந்த எடத்துலயே கண்ணசந்துட்டேன்னு ஊர்ல சொல்லிக்கறாரு."

"வாய மூடு!"

மெரியோனி கட்டிலைத் தட்டையாக்கினாள். இரண்டே நிமிடத்தில் அவனுக்கு மூச்சுத் திணறியது. திரையில் ஆக்சிஜன் எண்பத்தாறு. மயக்க மருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். கால் வீக்கமும் படுத்தால் வரும் திணறலும் இதயம் தடுமாறுவதன் அடையாளம்; அந்த இதயம் மருந்தைத் தாங்காது. தாங்காத ஒருவரை இதே கட்டிலில் பார்த்திருக்கிறாள்.

"ஆக்சிஜன் வைச்சுக்கலாம். வெளிய ஒன்பது பேர் இருக்காங்க. போடுங்க சிஸ்டர்," என்றார் கவுலி.

"போட மாட்டேன்."

"உங்க மேல புகார் எழுதிக் குடுப்பேன்."

"போன வருசமும் குடுத்தீங்க."

அபிசாய் எழுந்து உட்கார்ந்தான். "அடுத்த வருசம் வரைக்கும் ரத்தம் கக்கவா? உங்கம்மா சாவுக்கு நாங்க மொறப்படி சீர்ப் பாய் கொண்டு வரலன்னு பழி தீர்க்கற!"

"கொண்டு வரல. மறக்கவும் இல்ல." டாக்டரிடம் திரும்பினாள். "தொண்டை மரத்துப்போக மருந்தடிச்சு, உக்காத்தி வைச்சே பாருங்க. முழிச்சிருக்கட்டும்." பிறகு அவனிடம், "முடியுமா, இல்ல உனக்குப் பதிலா உன் பொண்டாட்டிய உக்கார வைக்கட்டுமா?"

மனைவிக்கு எதிரே அவனால் முடியாதென்று சொல்ல முடியவில்லை.

குழாய் இறங்கியது. குமட்டினான், கண்ணீர் வழிந்தது, அவள் மணிக்கட்டில் நகம் பதித்தான். புண்ணைக் கண்டுபிடித்து, ரத்தம் நிற்க ஒரு கிளிப்பைப் போட்டார் கவுலி. அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

இதயப் பிரிவுக்கு நாற்காலியில் தள்ளிப் போகும்போதுதான் அபிசாய்க்குக் குரல் வந்தது.

"நாசமாப் போவ."

"திட்டு மச்சான். உக்காந்தே திட்டு."