ஸ்டாக்கிங்ஸுக்குள் பத்து கேஜ் தகடு

இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஃபிட்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, வேலை தற்காலிகம்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி ஹாக்கி டீம் வைத்திருப்பார்கள். ஸ்டிக் பிடிக்கத் தெரிந்தவனுக்கு உள்ளே நுழைவது சுலபம். நானும் அப்படி நுழைந்தவன்தான். அந்த வருஷப் போட்டியில் ஃபைனலுக்குப் போனால் என்னை நிரந்தரமாக்குவதாக ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, வீடே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் ஆட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடுவேன். எதிரே ஆள் வந்தால் அதைவிட நன்றாக ஒதுங்குவேன்.

செமி ஃபைனலில் ராயபுரத்து கிளப் ஒன்றோடு ஆட வேண்டும் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுடைய ஃபுல்பேக் அப்படிப்பட்டவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. ‘லெவல் கிராசிங்’ என்று பட்டப்பெயர், ஏனென்றால் அவர் குறுக்கே வந்து நின்றால் யாரும் தாண்டிப் போக முடியாது. பந்தையும் தடுப்பார், பந்தோடு வந்த காலையும் தடுப்பார். விசில் ஊதலாமா வேண்டாமா என்று அம்பயரே இரண்டு தடவை யோசிப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆளை உடைத்துப்போட்டுவிட்டு அப்படியே விட்டுப் போக மாட்டார். ஆட்டம் முடிந்ததும் அவரே சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ராயபுரத்தில் எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போவார். கட்டுப் போட்டு முடிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உடைத்தவன்தான் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் மைதானங்களில் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது.

மற்றவர்கள் முழங்காலுக்குக் கீழே ஸ்டாக்கிங்ஸுக்குள் மூங்கில் பத்தை வைப்பார்கள், காலண்டர் அட்டை வைப்பார்கள். நான் யோசித்தேன். கையில் தொழில் இருக்கும்போது அட்டை எதற்கு? சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிராப்பில் கிடந்த, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பத்து கேஜ் இரும்புத் தகட்டை எடுத்து, என் கால் அளவுக்கு வெட்டி, ரோலிங் மெஷினில் கொடுத்து வளைத்தேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கி, உள்பக்கம் சாக்குத் துணி ஒட்டி, கடைசியில் சுத்தியலால் ஓங்கித் தட்டியும் பார்த்தேன். கம்பெனிக்காக அவ்வளவு நேர்த்தியாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

கனத்தைப் பற்றித்தான் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிலோ.

ஆட்டம் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டிய மைதானத்தில். நான் செக்குமாடு மாதிரி நடந்துகொண்டிருந்தேன். எங்கள் கேப்டன் பக்கத்தில் ஓடி வந்து, “இன்னாடா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது பாதி வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள் நான் நின்ற இடத்துக்கே பந்து வந்தது. வேறு நாளாக இருந்தால் லெவல் கிராசிங் வருவதைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுங்கியிருப்பேன். அன்றைக்கு ஒதுங்கத்தான் நினைத்தேன், கால் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டிக்கை வீசினேன். அதே நேரம் அவர் முழு வேகத்தில் வந்து தன் காலை என் காலில் கொடுத்தார்.

‘டங்’ என்று ஒரு சத்தம். பின்னால் யார்டில் வேகன் மோதிக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கண்ணைத் திறந்தால் நான் நின்றுகொண்டிருக்கிறேன், அவர் தரையில் கிடக்கிறார். அவர் விழுந்ததை அதுவரை யாருமே பார்த்ததில்லை. அவர்களுடைய கோல்கீப்பர்கூட வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்ததில், நான் தட்டிய பந்து உருண்டுபோய் கோலுக்குள் விழுந்துவிட்டது.

நாங்கள் ஜெயித்தோம். எங்கள் ஆட்கள் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கினார்கள். “ஆளு ஒல்லியா கீறான், கனத்தப் பாரேன்!” என்று ஒருவன் ஆச்சரியப்பட்டான். காலைப் பிடித்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் நான் கீழே குதித்தேன். தகடு வெளியே தெரிந்தால் கோல் செல்லாது. கம்பெனி இரும்பை வெட்டியதற்கு வேலையும் போகும்.

அதற்குள் ராயபுரத்து ஆட்கள் சைக்கிள் ரிக்‌ஷா கொண்டுவந்துவிட்டார்கள். உடைத்தவன்தானே கொண்டுபோக வேண்டும்? என்னையும் ஏற்றிவிட்டார்கள். அவருடைய உடைந்த காலை என் மடியில் தாங்கிக்கொண்டு, என் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி ஒளித்துக்கொண்டு போனேன். என் மேல் கோபப்படுவார் என்று பார்த்தால், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா நைனா, சோறு இன்னா துன்ற நீ?”

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “கேவுரு கூழுண்ணே. காலைல ரெண்டு சொம்பு.”

“அதான் பாத்தேன்,” என்றார். “எத்தினியோ பேரு கால்ல மோதிகிறேன். இம்மாம் கெட்டி எலும்பப் பாத்ததே இல்ல.”

கட்டுப் போடுகிறவர் வீட்டு வாசல் பெஞ்சில் இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே லெவல் கிராசிங் போன மாதம் உடைத்துக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். அவரைத் தூக்கி வருவதைப் பார்த்ததும் வலியை மறந்து கைதட்டினார்கள். கட்டுப் போடுகிறவர் நிமிர்ந்து பார்த்து, “ஆள் அனுப்பிக்கினு இருந்தவன் தானே வந்துட்டான்பா” என்று சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“மோதுனவன் நீதானே? ஸ்டாக்கிங்ஸக் கயட்டு. ஒன் காலயும் பாத்துடறேன்.”

சைக்கிளை மைதானத்தில் பூட்டாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். எனக்குச் சைக்கிளே கிடையாது. ஒரு கிலோ இரும்பை ஒவ்வொரு காலிலும் கட்டிக்கொண்டு டோல்கேட் வரை நான் ஓடிய ஓட்டத்தை ஆட்டத்தில் ஓடியிருந்தால் நாலு கோல் போட்டிருக்கலாம்.

எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்குக் கால் சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. நடக்கலாம், ஓட முடியாது. அந்த வருஷம் மாநில டீம் தேர்வுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இருபத்தேழு வயதில் அவருடைய ஹாக்கி முடிந்துபோனது. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் உட்காரவைத்தார்கள்.

மனுஷன் அதற்கும் என்னைத் திட்டவில்லை. போகிற இடமெல்லாம் என் காலைப் பற்றித்தான் பேச்சு. “நான் வுயுந்தது ஒரு ஆளுகிட்டதான். அவன் காலு காலு இல்ல, தண்டவாளம்” என்பாராம். ஒரு நாள் நொண்டிக்கொண்டே எங்கள் கம்பெனி கேட்டுக்கு நாலு தோஸ்துகளோடு வந்து, என்னை வெளியே கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போனார். இதைவிடப் பெரிய கூத்து, அவர் வீட்டில் கிளப் பையன்கள் எல்லோருக்கும் தினமும் காலையில் கேழ்வரகுக் கூழ். அவருடைய அம்மா பெரிய அண்டாவில் காய்ச்சி ஊற்றுவார்களாம். பையன்கள் என்னை எங்கே பார்த்தாலும் முறைத்தார்கள்.

சிரிப்புதான் வந்தது, ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்தக் கூழ் விஷயம் தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு தகட்டையும் துணிப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நான் பையைத் திறந்து தகடுகளை அவர் முன்னால் வைத்தேன். என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார்.

“நல்லா அரம் போட்டுகிற” என்றார்.

அப்புறம் தன் கோணல் காலைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். கால் உடைந்து ரிக்‌ஷாவில் வந்தபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை.

“வேற யாருக்குனா தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

“சொல்லாத. எவன்கிட்டயும் சொல்லாத.” தகடுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “ஆளு கால்ல பட்டு ஒடஞ்சிதுன்னா அது ஆட்டம் நைனா. தகரத்துல பட்டு ஒடஞ்சிதுன்னு நான் எப்டி வெளிய சொல்வேன்?”

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா உள்ளேயிருந்து, “அந்த இரும்புக் காலு புள்ளைக்கு இன்னொரு துண்டு வஞ்சிரம் போடவாடா?” என்று குரல் கொடுத்தார்கள்.

“போடும்மா,” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அந்த மீனை நான் முழுசாகச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம், ராயபுரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் இரும்புக்கால்காரன்தான். யாராவது பழைய கதையை எடுத்தால் அவர், “ஆமாமா, தண்டவாளம்” என்று தலையாட்டுவார். நானும் வெட்கமில்லாமல் பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பேன். ஆனால் அவராக அந்தக் கதையை ஆரம்பித்து நான் அப்புறம் கேட்டதே இல்லை.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, கிளப் பெயரையும் எழுதவில்லை. அப்படியும் இது அவர் சொல்லை மீறியதாகுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பயந்து தகடு கட்டியதற்காகக்கூட என்னை மன்னித்துக்கொள்வேன். ஒரு நல்ல ஆளிடம் தோற்றோம் என்று அவர் தேற்றிக்கொண்டிருந்ததை, என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேனே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.