அம்மாவின் ஒன்பது டெஸ்டுகள்

அஜ்மானில் நாங்கள் இருந்த பகுதிக்கு டாக்ஸி பிடிக்கும் பழைய தமிழர்கள் இன்றைக்கும் "கூஜா" என்றுதான் இடம் சொல்வார்கள். போய் இறங்கிப் பார்த்தால் அங்கே கூஜா கிடையாது, ஒரு சிக்னல்தான் இருக்கும். ஒரு காலத்தில் அது பெரிய ரவுண்டானா. நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு, அரபிகள் காப்பி ஊற்றும் மூக்கு நீண்ட பாத்திரத்தைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். அதற்கு அரபியில் அழகான பெயர் உண்டு. நம் ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் கூஜா என்று பெயர் சூட்டிவிட்டார்கள். போகப் போகப் பட்டாண் டிரைவர்களே "கூஜா? அச்சா, அச்சா" என்று தலையாட்டி வண்டியை எடுக்கும் அளவுக்குப் பெயர் நிலைத்தது. எனக்குப் பத்து வயதானபோது ரவுண்டானாவை இடித்துச் சிக்னல் வைத்தார்கள். கூஜாவைக் கட்டி லாரியில் ஏற்றியதைப் பால்கனியில் நின்று கட்டடமே வேடிக்கை பார்த்தது. அந்தக் கூஜாவால் என் அம்மாவுக்கு ஒரு சோதனை வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அம்மா குமரிக் கடற்கரையிலிருந்து வந்த நர்ஸ். ஐந்து மாடிக் கட்டடத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான், சிஸ்டர். அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், ஓமானில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார். என்னுடைய விசாவும் அம்மாவுடைய விசாவும் அவள் வேலை பார்த்த கிளினிக்கை நம்பி இருந்தன. நடந்து போகும் தூரத்தில் இருந்த அந்தக் கிளினிக்கை துபாயின் மறுகோடிக்கு மாற்றப்போவதாக ஒருநாள் சொன்னார்கள். காலை ஆறு மணிக்கு டியூட்டி. அந்த நேரத்துக்கு அங்கே பஸ் இல்லை, கார் லிஃப்ட் கொடுப்பவர்களும் அந்தப் பக்கம் போவதில்லை. கோடை விடுமுறைக்குள் லைசென்ஸ் எடு, இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அம்மா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "லைசென்ஸ் கெடைக்கலன்னா விசா கேன்சல் ஆயிரும் மக்ளே. நாம ஊருக்குப் போயிருவோம். அப்புறம் அப்பாவ ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கதான் பாக்க முடியும்."

இங்கே லைசென்ஸ் வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் போலீஸ் உட்கார்ந்திருக்கும், பின்சீட்டில் மற்ற பெண்கள் மூன்று பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். சின்னத் தவறு செய்தாலும் "கலாஸ்", முடிந்தது என்று வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார்கள். மறுபடி வகுப்பு, மறுபடி தேதி. அதனால் இங்கே "சாப்பிட்டீங்களா" என்பதற்கு முன்னால் "எத்தனையாவது டெஸ்ட்ல கெடச்சுது?" என்று கேட்பார்கள். அதற்கு உண்மை சொல்பவர் யாரும் இல்லை. எல்லோரும் மூன்று என்பார்கள். முதலாவது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நான்கு என்றால் கௌரவக் குறைச்சல். ஆகவே எங்கள் கட்டடத்தில் கார் வைத்திருந்த அத்தனை பேரும் மூன்றாவது டெஸ்டில் பாஸானவர்கள். அம்மா அதை அப்படியே நம்பினாள். நான்காவதிலும் தோற்று வந்தபோது, இத்தனை பேருக்கும் இருக்கும் புத்தி தனக்கு மட்டும் இல்லாமல் போயிற்றே என்று உடைந்துபோனாள்.

எட்டாவதில் வந்தது கூஜா. இடிப்பதற்கு முன்னால் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த ரவுண்டானாவில்தான். இடதுபக்கம் வரும் வண்டிக்கு வழிவிட்டு நுழை என்று மாதக்கணக்காக அவள் காலிலும் கழுத்திலும் ஏற்றியிருந்தார்கள். டெஸ்டன்று போலீஸ்காரம்மா அவளை அந்த முக்குக்கே கொண்டுபோனாள். சிக்னல் பச்சை. அம்மா பிரேக்கை மிதித்து, இடதுபக்கம் திரும்பி, அங்கே இல்லாத ரவுண்டானாவுக்கு மரியாதையாக வழிவிட்டு நின்றாள். பின்னால் ஹாரன்கள் கிளம்பின. போலீஸ்காரம்மா கோபப்படக்கூட இல்லை, நெற்றியைத் தடவிக்கொண்டு "கலாஸ், மாமா" என்றாளாம். அரபியில் மாமா என்றால் அம்மா.

பின்சீட்டுப் பெண்கள் வழியாக இந்தக் கதை அம்மாவுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. "என்ன சிஸ்டர், கூஜாவுக்கு வழி விட்டீங்களாமே?" என்று இரண்டாம் மாடி தஞ்சாவூர்க்காரர் லிஃப்ட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குள் வந்து சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தஞ்சாவூர்க்காரரின் வணக்கத்துக்கு நான் ஒரு மாதம் பதில் சொல்லவில்லை. அப்பா போனில், "போதும் பிள்ளே, எழுதிக் குடுத்துரு. இந்த டெஸ்டெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்றார். கம்பெனி பஸ் இருக்கும்போது லைசென்ஸ் எதற்கு என்று சொல்லி வந்த மனிதர் அவர்.

அம்மா எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த முக்குக்குப் போனாள். ஓரமாக நின்று சிக்னலைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்வாள்: "செவப்பு, நில்லு. பச்ச, போ." பச்சை விழும்போதெல்லாம் வலது காலால் நடைபாதையை மிதிப்பாள். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று, ஆனாலும் அவள் கையை நான் விடவில்லை. விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தபோது ஒன்பதாவது டெஸ்டுக்குப் போனாள். பாஸாகி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே லட்டுப் பெட்டி வாங்கினோம். யார் கேட்டாலும் மூன்று என்று சொல்லிவிடு என்று அப்பா போனில் புத்தி சொன்னார். அம்மா சொன்ன பதில் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ஒம்பது தடவையும் நாந்தான வண்டியில ஏறுனேன். மிச்சம் ஆறையும் யாருக்கு விட்டுக்குடுக்க?" கதவு கதவாகத் தட்டி, லட்டைக் கொடுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே ஒன்பது என்று சொன்னாள். தஞ்சாவூர்க்காரரின் மனைவி லட்டை வாங்கிக்கொண்டார். பிறகு அம்மாவை உள்ளே இழுத்து, "அவருக்குப் பதினொண்ணு சிஸ்டர், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக உண்மை வெளியே வந்தது. எங்களுக்கு ஆறு, எங்களுக்கு எட்டு. நான்காவதோடு நமக்கு வராது என்று விட்டுவிட்ட இரண்டு பெண்கள் மறுபடி போய் லைசென்ஸுக்கு ஃபைல் ஓபன் செய்தார்கள், இரண்டு பேருக்கும் அந்த வருடமே கிடைத்தது. என் அம்மா நர்ஸாக எத்தனையோ பேருக்கு நல்லது செய்திருக்கிறாள். ஆனால் அந்த லட்டுப் பெட்டியோடு படியேறிய அம்மாவை நினைத்தால்தான் எனக்குத் தலை நிமிர்கிறது. நானும் இப்போது ஷார்ஜாவில் கார் ஓட்டுகிறேன். நான்காவதில் கிடைத்தது, கேட்டவர்களிடம் நான்கு என்றே சொன்னேன்.

அடுத்த முறை அப்பா வந்தபோது, தவணையில் எடுத்த பழைய வெள்ளைக் காரில் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்களே போனோம். அப்பா முன்சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் அவள் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அங்க சோஹார்ல நானும் டெஸ்டுக்குப் போனேன். அஞ்சு தடவ. ஒங்கிட்டகூடச் சொல்லல."

அம்மா தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, லேன் மாறினாள்.

"அப்ப ஒங்களுக்கு இன்னும் நாலு இருக்குல்லா" என்றாள்.

அப்பாவுக்கு ஏழாவதில் கிடைத்தது. யார் கேட்டாலும் ஏழு என்றே சொல்கிறார், அம்மாவைவிட இரண்டு குறைச்சல் என்றும் சேர்த்து.