மைக் முன்னால் நான் விழுங்கிய இரண்டு வார்த்தைகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் பக்கத்துத் தெரு சமுதாயக்கூடத்தில் நடந்தது இது.

கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு ரோட்டு வளைவில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸோடு மனு டைப் அடிப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, லேமினேஷன் எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் எட்டு வருஷம் இருந்தேன். அதனால் வெளிநாட்டுக்காரர்களோடு தடுமாறாமல் பேசுகிற அளவுக்கு இங்கிலீஷ் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பெருமை.

என் கடைக்கு அடிக்கடி வருகிற தொண்டு நிறுவன ஊழியர் ஒருவர் அன்று காலையில் ஓடி வந்தார். வெளிநாட்டு உதவியில் ஒரு திட்டம் தொடங்குகிறார்கள். அடிதடி, திருட்டு, பெண்களுக்கு வருகிற தொந்தரவு, இதையெல்லாம் அந்தந்தத் தெரு ஜனங்களே சேர்ந்து பேசிக் குறைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதன் நோட்டீஸையே நான்தான் டைப் அடித்துக் கொடுத்திருந்தேன். நிதி கொடுக்கிற நாட்டிலிருந்து ஒரு அம்மா தொடக்க விழாவுக்கு வந்துவிட்டார்களாம். மொழிபெயர்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல். "நீங்கதான் சார் காப்பாத்தணும்" என்றார். வீட்டுக்குப் போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூடத்தில் ஐம்பது பேர் இருக்கும். முக்கால்வாசி பெண்கள். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, இரண்டு பேர் பேசி முடித்தார்கள். நான் மளமளவென்று மொழிபெயர்த்தேன். என் வாயிலிருந்து இங்கிலீஷ் வர வர முன்வரிசையில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். மைக்கைப் பிடித்த கை தானாகவே ஸ்டைலாக வளைந்தது.

பிறகு அந்த வெளிநாட்டு அம்மா எழுந்தார். அறுபது வயது இருக்கும். பருத்திச் சுடிதார், காலில் சாதாரணச் செருப்பு. பெரிய உரை எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். இந்தப் பகுதியில் உங்களுக்கு எந்த இடத்தில் நடக்கப் பயமாக இருக்கிறது?

அதைத் தமிழில் சொன்னேன். அப்புறம் நடுவரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மைக்கை வாங்காமலே பேசினார்.

"அந்த வளைவுல ஜெராக்ஸ் கடை இருக்குதில்ல, சாயங்காலம் ஆச்சுன்னா அந்தப் பக்கம் போக முடியல. பெஞ்சுல நாலு பேரு, வண்டி மேல நாலு பேரு. கையைப் புடிச்சி யாரும் இழுக்கல. ஆனா வாய் சும்மா இருக்கறதில்ல. என் பொண்ணு டியூஷன் விட்டு வர்றப்ப, அவங்களுக்குப் பயந்துகினு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமா வருது. போன வாரம் ஒரு லாரி உரசிட்டுப் போச்சு. பொண்ணு பொழச்சதே பெருசு. ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கணும்னாகூட நாங்க பஸ் ஏறி டவுனுக்குத்தான் போறோம்."

அந்த வளைவில் இருக்கிற ஒரே ஜெராக்ஸ் கடை என்னுடையது.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கடைப் பக்கமே வராதவர். பெஞ்சில் உட்காருகிறவர்கள் என் சிநேகிதர்கள். வேலை முடிந்து வந்து டீ குடித்து அரட்டை அடிப்பார்கள். போகிற வருகிற பெண்களைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். சும்மா தமாஷுதானே என்று கல்லாவில் உட்கார்ந்தபடி நானும் சிரித்திருக்கிறேன்.

வெளிநாட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பஸ் ஸ்டாப் பக்கம் சாயங்காலம் கொஞ்சம் தொந்தரவு இருக்கிறதாம், டிராஃபிக்கும் அதிகமாம் என்று இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டேன். அவரும் தலையாட்டி நோட்டில் எழுதத் தொடங்கினார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நர்சிங் படிக்கிறவள்போல, காலேஜ் பை தோளில் தொங்கியது. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அண்ணா, அக்கா ஜெராக்ஸ் கடைனு சொன்னாங்க. நீங்க அத விட்டுட்டீங்க. லாரியையும் விட்டுட்டீங்க."

ஒரு நிமிஷம் காது கேட்காத மாதிரி நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் லாரி உரசிய அந்தப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள், அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும். அவளைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வரவில்லை.

முதலில் இங்கிலீஷில் சொன்னேன், அது சுலபமாக இருந்தது. அந்த அம்மா சொன்னதை முழுசாகச் சொல்லிவிட்டு, அந்தக் கடை என்னுடையது என்றேன். அப்புறம் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "அது என் கடைதான்மா. விட்டுட்டுச் சொன்னது தப்பு. அவங்க பேசறப்ப நானும் சிரிச்சிருக்கேன். அது அதவிடத் தப்பு."

திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நீதானா அது" என்றார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, மொத்தக் கூடமும் சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

வெளிநாட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. அந்த அம்மாவிடம், அங்கே என்ன மாறினால் உங்களுக்கு நல்லது என்று கேட்கச் சொன்னார். பெஞ்சைத் தூக்கிவிடுங்கள் என்று சொல்லப் போகிறார் என நினைத்து, அதற்கு முந்திக்கொண்டு நானே எடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

"பெஞ்ச எடுக்காதீங்க. நல்ல லைட்டா ஒண்ணு போடுங்க. நாங்க உக்காந்துக்கறோம்" என்றார் அவர்.

இதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். கடைசி வரிசைப் பெண் சரிதான் என்று தலையாட்டினாள். பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுக்க இருந்தார்கள். அதை அங்கேயே போய்ச் சாப்பிடலாம் என்று யாரோ சொல்ல, ஐம்பது பேரும் பேனரோடு என் கடைக்குக் கிளம்பிவிட்டோம். சனிக்கிழமை என்பதால் என் சிநேகிதர்கள் சீக்கிரமே வந்து பெஞ்சை நிரப்பியிருந்தார்கள். வளைவில் பேனர், அதன் பின்னால் இத்தனை பெண்கள், நடுவில் ஒரு வெள்ளைக்கார அம்மா, முன்னால் நான். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, தானாகவே எழுந்துவிட்டார்கள். ஒருவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் போயே போய்விட்டான். இன்னொருவன் என்ன செய்வதென்று தெரியாமல் பொட்டலம் விநியோகம் பண்ண ஆரம்பித்தான். அந்த அம்மா பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். வெளிநாட்டு அம்மா கடைப் படியில் உட்கார்ந்து கையாலேயே சாப்பிட்டு, ஊறுகாய் காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் கடை முன்னால் அத்தனை பெண்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே லைட் போட்டேன். சிநேகிதர்கள் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். நாங்க என்னப்பா கொலையா பண்ணிட்டோம் என்று ஒருவன் கேட்டான். லாரி விஷயத்தைச் சொன்னேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது அவனும் வருகிறான், வேலை இருந்தால் வருகிறான், முடிந்ததும் போகிறான். அந்தத் திட்டத்தின் மாதக் கூட்டம் இன்னும் நடக்கிறது. நானும் போகிறேன், ஆனால் மைக் பிடிப்பது அந்த நர்சிங் பெண்தான். அவள் இங்கிலீஷ் என்னைவிட நன்றாகவே இருக்கிறது.

மனு எழுத வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் பிரிண்ட் எடுப்பதற்கு முன் ஒரு முறை படித்துக் காட்டி, "எதையாவது விட்டுட்டேனாங்க?" என்று கேட்கிறேன். சில பேர் இரண்டு வரி சேர்க்கச் சொல்வார்கள், பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான் அவர்கள் மனசு இருக்கும். ஒருத்தர் சொல்வதை நமக்கு வசதியாகச் சுருக்காமல் முழுசாகக் காதில் வாங்குவதுதான் மரியாதை என்பதை, ஊரே பார்க்க அவமானப்பட்டுச் சிரித்த அந்த ஒரு நாளில்தான் நான் கற்றுக்கொண்டேன்.