கழிவு ஆயில் பூசிய பெஞ்சு

"ஏனுங்கக்கா, வெயில் மழையில கெடக்கற பெஞ்சுக்கு வார்னிஷ் வேணுங்களா, எண்ணெய் வேணுங்களா?" கொழிஞ்சாம்பாறை பெயிண்ட் கடைக்காரர் இரண்டு டப்பாக்களையும் திறந்து காட்டினார். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது.

இடுக்கி எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலிலும் ஒரு பெஞ்சு கிடந்தது. மழைக்காலத்துக்கு முன் அப்பா லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து வேலிக்கால்களுக்குப் பூசுவார். ஒரு வருடம், மிஞ்சியதைப் பெஞ்சுக்கும் பூசிவிட்டார். அது லேசில் காயாது. தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். தொடையில் ஈரம் பட்டபோதுதான் புரிந்தது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். ஒழுகும் கூரையை மாற்றித் தரச் சொல்லி அப்பா பல நாள் கெஞ்சி வரவழைத்திருந்தார்.

அவர் வந்தால் லயமே எழுந்து நிற்கும். நான் எழவில்லை. எழுந்தால் பாவாடையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு.

"எந்திரிட்டி," என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்னடே, ஒம் மவ மகாராணியோ?" என்ற சூப்பர்வைசர் கூரையைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

அப்பா என்னை அடிக்க இழுத்து எழுப்பினார். பாவாடையைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னட்டி?"

அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் சட்டி வைத்து ஒழுகலைப் பிடித்தோம்.

"அக்கா, எதுங்க?" கடைக்காரர் அவசரப்படுத்தினார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். எது சீக்கிரம் காயும் என்று கேட்கத்தான் நினைத்தேன். அவர் எண்ணெய் டப்பாவை மூடிப் பையில் போட்டார். நான் தலையாட்டினேன்.